நேர்த்திக் கிடாய்: பொறுப்பு யாருடையது?

வாசகர் கேள்வி, உப்புவெளி
2024 ஜூன் 2

மூன்று வருடங்களுக்கு முன்னர் என் அண்ணன் வெளிநாடு போகும் வழியில் அகப்பட்டுத் தகவலின்றி இருந்த நாட்களில், ஊர்க் காளி கோவிலுக்கு ஒரு கிடாய் தருவதாக அம்மா நேர்ந்து வைத்தார். அண்ணன் சுகமாகத் திரும்பி வந்துவிட்டார். நேர்த்தியை நிறைவேற்றுவதற்கு முன் அம்மா இவ்வருடம் மாசியில் காலமாகிவிட்டார். கன்னியா வெந்நீரூற்றில் அம்மாவின் இறுதிக் கிரியையான அந்தியேட்டியை முடித்து வீட்டுக்கு வந்த அன்றே, ஆடி பிறந்ததும் கிடாயைக் கொடுத்துவிட வேண்டும் என்று அண்ணன் சொன்னார். வீட்டில் சம்பளம் எடுப்பவள் நான். ஆகவே பணமும் நான்தான் கொடுக்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. கொடுத்தால் அந்தப் பாவம் அம்மாவுக்கா, பூசாரியாருக்கா, எனக்கா? கொடுக்காமல் விட்டு வீட்டில் ஏதாவது நடந்துவிட்டால் அதற்கு யார் பொறுப்பு?

2024 ஜூன் 3

நேர்ந்தவர் உங்கள் அம்மா. கிடாய்க்குக் காசு எண்ணிக் கொடுக்கப் போகிறவர் நீங்கள். இவை இரண்டு வேறு செயல்கள் என்பதே என் முதல் எண்ணம்.

அம்மா நேர்ந்தபோது அவருக்கிருந்த பயத்தை நான் அறிவேன், ஏனெனில் அதே பயத்தில் நானும் ஒருமுறை நேர்ந்திருக்கிறேன். 1995 இல் என் மகளுக்கு 4 வயது. காய்ச்சல் முற்றி வலிப்பு வந்து வைத்தியசாலைக் கட்டிலில் 3 நாட்கள் கண் திறக்காமல் கிடந்தாள். இரண்டாம் நாள் பின்னேரம் மாற்றுடுப்பு எடுப்பதற்காகச் சைக்கிளில் வீட்டுக்கு வந்தபோது, ஒழுங்கை முடிவிலிருந்த சிறிய காளி கோவிலின் முன் இறங்கி, பிள்ளையைத் தந்தால் ஒரு கறுப்புக் கிடாய் தருகிறேன் என்று சொன்னேன். கோவில் கதவு பூட்டியிருந்தது. மகள் பிழைத்தாள். அடுத்த ஆடியில் கிடாயைக் கொடுத்தோம். மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் அது தலையைச் சிலுப்பிச் சம்மதம் தந்தது. பூசாரியாரின் உதவியாளர் ஒரே வெட்டில் முடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பாவம் யாருக்கு என்ற கேள்வியைச் சிறிது தள்ளி வைத்துவிட்டு, இந்த ஆடு யாருடைய முடிவினால் சாகிறது என்று கேட்டுப் பாருங்கள். அம்மாவினால் இனி எதையும் முடிவு செய்ய இயலாது.

2024 ஜூன் 5

சட்டத்தைப் பார்த்தால் போதும், மனச்சாட்சியை இழுக்க வேண்டாம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சரி, சட்டத்தையே பார்ப்போம். 2011 இல் சிலாபத்துக்கு அருகிலுள்ள முன்னேசுவரம் பத்திரகாளி அம்மன் கோவிலில், பலிக்குக் கொண்டுவரப்பட்ட ஆடு கோழிகளை ஓர் அமைச்சர் நேரில் சென்று அகற்றி அவ்வருடப் பலியைத் தடுத்தார். 2017 இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோவில் வேள்விகளில் மிருகங்களைப் பலியிடுவதற்குத் தடை விதித்தது. 2018 இல் இந்துக் கோவில்களில் மிருக பலியைத் தடை செய்யும் சட்டமூலத்துக்கு அமைச்சரவை இணக்கம் தெரிவித்தது. தமிழ்நாட்டில் 1950 ஆம் ஆண்டிலேயே அத்தகைய சட்டம் இருந்தும் பல காலம் ஏட்டில் உறங்கியது. 2003 இல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த ஆணை பிறந்தது, 2004 இல் சட்டமே நீக்கப்பட்டது.

இந்த ஆண்டுகளை அடுக்கிப் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. 2003 இல் குற்றமாயிருந்த வெட்டு 2005 இல் குற்றமாக இருக்கவில்லை, ஆனால் வெட்டுப்பட்ட ஆட்டுக்கும் வெட்டியவரின் உள்ளத்துக்கும் இடையில் அதனால் எதுவும் மாறிவிடவில்லை. தடை வந்தால் கத்தி நிற்கும். அது நல்லதென்றே நினைக்கிறேன். ஆயினும் தடையின் பேரில் நிறுத்துகிறவர், முன்பு பூசாரியாரின் பேரில் வெட்டியது போலவே இப்போது பொலிசாரின் பேரில் வெட்டாமல் இருக்கிறார். முடிவு இன்னும் அவருடையதாகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த எதிர்ப்பு பிற மதத்தாரிடமிருந்து மட்டும் வந்ததென்று நினைப்பவர்கள், 19 ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் சைவத்துக்குள் நின்றுகொண்டே கோவில் உயிர்ப்பலியை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

2024 ஜூன் 6

கோவில் கதவு பூட்டியிருந்ததை ஏன் குறிப்பிட்டேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என்னிடம் அன்று யாரும் கிடாய் கேட்கவில்லை என்பதற்காகத்தான். பூசாரியார் இல்லை, உருவேறியவர் இல்லை, கனவு இல்லை. நானே ஒரு விலையைச் சொல்லி நானே ஒப்புக்கொண்டேன். ஆனால் எங்கள் வீட்டில் இந்தக் கதை சொல்லப்படும் போதெல்லாம் "அம்மன் கிடாய் கேட்டாள்" என்றே தொடங்கும். அந்த வசனம் எப்போது உள்ளே புகுந்தது என்று எனக்கு நினைவில்லை. சொன்னவர்களில் நானும் ஒருவன்.

2024 ஜூன் 9

ஜூன் 3 ஆம் திகதிய குறிப்பில் ஒரு பெரும் பிழை இருக்கிறது. அதை வாசித்த என் மனைவி, "மூன்று தரம் தண்ணி ஊத்தினதை ஏன் எழுதேல்லை?" என்று கேட்டார். அவர் கேட்கும்வரை அது எனக்கு நினைவிலேயே இல்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. நினைவில் இருந்தது, எழுதும்போது கை தாண்டிப் போய்விட்டது.

நடந்தது இதுதான். பூசாரியார் முதலாம் செம்பை ஊற்றினார், கிடாய் அசையவில்லை. கழுத்திலிருந்த மாலையின் வேப்பிலையைக் கடிக்கப் பார்த்தது. இரண்டாம் செம்பு ஊற்றினார். அப்போதும் அப்படியே நின்றது. கூட்டத்திலிருந்த முதியவர் ஒருவர், அம்மாள் இன்னும் உத்தரவு தரவில்லை, அடுத்த செவ்வாய்க்கு வைப்போம் என்றார். எனக்கு அந்த ஒரு நாள்தான் லீவு. மூதூரிலிருந்து உறவினர்கள் வந்திருந்தார்கள். அடுப்பில் உலை வைத்தாயிற்று. நான் பூசாரியாரிடமிருந்து செம்பை வாங்கி, நேரே அதன் காதுக்குள் ஊற்றினேன். காதுக்குள் தண்ணீர் போனால் எந்த மிருகமும் தலையை உதறும். அதுவும் உதறியது. பெண்கள் குரவையிட்டார்கள்.

இப்போது யோசிக்கையில், அந்தச் சடங்கை உண்டாக்கிய முன்னோர் அதற்குள் ஒரு படலையைத் திறந்தே வைத்திருந்தார்கள் என்று தோன்றுகிறது. ஆடு சிலிர்க்காவிட்டால் வெட்டக்கூடாது. அந்த விதிக்குள் நிறுத்துவதற்கும், தள்ளிப் போடுவதற்கும், கொடுக்காமல் வீட்டுக்குக் கூட்டிச் செல்வதற்கும் இடம் இருந்தது. இரண்டு முறை அந்தப் படலை எனக்காகத் திறந்தது. மூன்றாம் முறை அதைச் சாத்தியது என்னுடைய கை. "ஆடு சம்மதித்தது" என்று 28 வருடங்களாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

தங்கை, உங்களுக்கு எழுதிய முதற் பதிலை இந்தத் திருத்தத்தோடு சேர்த்தே வாசியுங்கள்.

2024 ஜூன் 18

நேற்று ஹஜ்ஜுப் பெருநாள். கிண்ணியாவில் என்னோடு முன்பு வேலை செய்த நண்பர் வழமைபோல் இறைச்சிப் பங்கு அனுப்பியிருந்தார். இந்த விவாதத்தைப் பற்றி அவரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் மூன்று விடயங்களைச் சொன்னார். குர்பான் எனப்படும் பெருநாள் பலியைக் கொடுப்பவர் இயன்றால் தன் கையாலேயே அறுப்பது சிறந்தது, இயலாவிட்டால் அறுக்கும் இடத்தில் நிற்பது நல்லது. தான் அவ்வாறே நின்று பார்ப்பதாகச் சொன்னார். இறைச்சியோ இரத்தமோ இறைவனைச் சென்றடைவதில்லை, உள்ளச்சமே அவனை அடைகிறது என்று குர்ஆன் கூறுவதை நினைவூட்டினார். மூன்றாவதாக அவர் சொன்னதுதான் என்னை இரவு முழுவதும் விடவில்லை. இப்ராஹீம் நபி தான் கண்ட கனவை மகனிடம் சொல்லி, உன் எண்ணம் என்ன என்று கேட்டார். கட்டளையிடப்பட்டதைச் செய்யுங்கள் என்று மகன் விடையளித்தார். அதன் பிறகே தந்தை கத்தியை எடுத்தார்.

மகனிடம் கேட்டார் என்பதை நான் இதுவரை கவனித்ததில்லை. பைபிளின் ஆதியாகமத்தில் மகன்தான் தந்தையிடம் கேட்கிறான்: நெருப்பும் விறகும் இருக்கின்றன, பலிக்குரிய ஆடு எங்கே? அவனுக்கு நேரான பதில் கிடைப்பதில்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டதையும் நண்பர் நின்று பார்ப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அவர் என்னிலும் நேர்மையானவர் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

2024 ஜூன் 21

நமது பக்கத்துக் கதையையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டுமல்லவா? சிறுவயதில் எங்கள் கோவிலில் புராண படனம் நடக்கும்போது, அப்பா பாடல்களுக்குப் பயன், அதாவது பொருள், சொல்வார். சிறுத்தொண்டர் புராணம் வரும் நாளில் மண்டபத்தில் பெண்கள் விம்முவது வெளிவீதி வரை கேட்கும். வாதாபிப் போருக்குப் படை நடத்திச் சென்ற தளபதி பரஞ்சோதிதான் சிறுத்தொண்டர். பைரவ வேடத்தில் வந்த சிவனடியார் கேட்டது, ஒரு குடிக்கு ஒரே மகனாகிய ஐந்து வயதுப் பாலகனைத் தாய் பிடிக்கத் தந்தை அரிந்து இருவரும் மனமுவந்து சமைத்த கறி. மகன் சீராளனைப் பள்ளியிலிருந்து தந்தை தூக்கி வருகிறார். தாய் பிடிக்கிறார். பெற்றோர் மிகுந்த மகிழ்ச்சியில் இருக்கிறார்கள் என்று எண்ணி அந்தப் பிள்ளையும் மகிழ்ந்து சிரிக்கிறது என்று சேக்கிழார் பாடுகிறார்.

அந்தச் சிரிப்பை அப்பா எப்படி விளக்கினார் என்பது நினைவிருக்கிறது: பிள்ளையும் உடன்பட்டது என்றார். இன்று எனக்கு அது வேறாகக் கேட்கிறது. பிள்ளைக்குத் தெரியாது. அதனால் சிரித்தது. சேக்கிழார் அதை மறைக்கவில்லை. உவகை என்று நினைத்தே சிரித்தது என்று காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டார். அப்பா கேட்ட சம்மதமும், நான் செம்பைச் சரித்துப் பெற்ற சம்மதமும் ஒரே வகையைச் சேர்ந்தவை.

2024 ஜூன் 22

நாயன்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறேன் என்று இருவர் கோபித்திருக்கிறார்கள். நான் சிறுத்தொண்டரை வணங்குகிறவன். குருபூசைக்குத் தவறாமல் போகிறவன். அவர் தனக்கு மிக அருமையானதைக் கொடுத்தார், யார் மீதும் பழி போடவில்லை, பிள்ளை திரும்பி வருமென்று தெரிந்து செய்யவுமில்லை. அந்தக் கதையில் மீண்டும் பள்ளியிலிருந்து ஓடி வருவது போல் சீராளன் வருகிறான். எங்கள் கிடாய் வரவில்லை. கதையிலுள்ளவரின் துணிவைச் சான்றாகக் காட்டி, சந்தையில் காசு கொடுத்து வாங்கிய ஓர் உயிரை நான் கொடுத்ததைத் தியாகம் என்று அழைக்க முடியுமா என்பதே என் கேள்வி. கண்ணப்பர் கொடுத்தது தன்னுடைய கண்ணை. காவடி எடுப்பவர் முள் குத்துவது தன்னுடைய முதுகில்.

2024 ஜூன் 30

நீற்றுப்பூசணிக்காய் வெட்டினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். வெட்டி, உள்ளே குங்குமம் தடவி, இரண்டு பாதியையும் பிரித்து வைக்கும்போது உயிர்ப்பலியின் இடத்தில்தான் அது நிற்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். எவரோ ஒரு காலத்தில், இனி உயிரை வெட்டமாட்டோம் என்று துணிந்து, அந்தத் துணிவை ஒரு காயின் மீது எழுதி வைத்திருக்கிறார். அந்த முதல் மனிதருக்கு அது இலேசாக இருந்திராது. எனவே பூசணிக்காயை ஏமாற்று வழி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

உண்மையான ஏமாற்று வழியொன்றை நானே செய்திருக்கிறேன். 1996 ஆடிக்குப் பிறகு மனம் சரியில்லாமல், இனிமேல் வெட்டுவதில்லை என்று முடிவு செய்து, சில வருடங்கள் கழித்து வந்த இன்னொரு நேர்த்திக்குச் சேவலொன்றை உயிரோடு கோவிலுக்கு ஒப்படைத்தேன். கையில் இரத்தமில்லாமல் வீட்டுக்கு வந்த திருப்தி இருந்தது. அன்று மாலையே காணிக்கைச் சேவல்கள் ஏலம் போயின. ஏலத்தில் எடுத்தவர் கோழிக்கடைக்காரர். அது நடக்குமென்று எனக்குத் தெரியாதா? ஏலம் விடுவது ஒவ்வொரு வருடமும் ஒலிபெருக்கியில் கேட்கும். எனக்கும் அந்தச் சேவலின் கழுத்துக்கும் இடையில் மூன்று பேர் நின்றபடியால் நான் அதைக் கொல்லவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

தங்கை, உங்கள் அண்ணன் இந்த வழியைச் சமரசமாகச் சொல்லக்கூடும். முன்கூட்டியே அறிந்திருங்கள்.

2024 ஜூலை 14

இந்தக் குறிப்பை எழுதாமல் இரண்டு கிழமை தள்ளிப் போட்டேன். கேள்வி நேரானது: ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி வாங்குகிற நீங்கள் கோவில் ஆட்டுக்காக ஏன் கலங்குகிறீர்கள்? கேட்டவர் சரியாகவே கேட்டிருக்கிறார்.

உண்பதற்காக உலகம் கொல்லாதிருந்தால் விலைக்காக இறைச்சி விற்பவர் எவரும் இருக்கமாட்டார் என்று வள்ளுவர் புலான் மறுத்தலில் சொல்கிறார். கத்தி பிடித்தவனிடமிருந்து கூடை பிடித்தவனுக்குப் பொறுப்பை அவர் நகர்த்துகிறார். அதே அதிகாரத்தில், ஆயிரம் வேள்வி செய்வதிலும் ஓர் உயிரைக் கொன்று உண்ணாதிருத்தல் நல்லது என்றும் சொல்லிவிடுகிறார். ஆகவே கோவிலும் கடையும் ஒரே தராசில் ஏறுகின்றன. பௌர்ணமியான போயா தினத்தில் இறைச்சிக் கடை பூட்டியிருக்கும்போது முதல்நாளே வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அந்த ஒருநாள் நிறுத்தமும் என்னுடையதாக இருந்ததில்லை.

கடையில் வாங்கும்போது நான் எந்தத் தெய்வத்தின் பெயரையும் சொல்வதில்லை, அதனால் அது கோவில் பலியிலும் நேர்மையானது என்று முதலில் எழுதி அழித்தேன். கோவிலிலாவது ஒரு மனிதன் ஒரு குறிப்பிட்ட ஆட்டின் முகத்தைப் பார்த்து, பூமாலை போட்டு, அது சாவதை ஊர் அறியச் செய்கிறான். கடையில் எனக்கு முகமே இல்லை. எது மோசம் என்று இன்னும் என்னால் தீர்க்க முடியவில்லை. ஆனி மாதத்திலிருந்து வீட்டில் ஆட்டிறைச்சி வாங்கவில்லை; கோழி இன்னும் வாங்குகிறோம். இதை ஒரு முடிவு என்று சொல்லத் துணிய மாட்டேன்.

2024 ஜூலை 28

கனடாவிலிருக்கும் மகள் இவை அனைத்தையும் வாசித்துவிட்டு அழைத்தாள். அவளுக்கு இப்போது 33 வயது. திட்டுவாள் என்று நினைத்தேன், அமைதியாகவே பேசினாள். சிறுவயது முதல் "உனக்காக ஒரு கிடாய் குடுத்தது" என்று நாங்கள் சொல்லக் கேட்டு வளர்ந்ததாகவும், பரீட்சையில் குறைந்தாலும், காய்ச்சல் வந்தாலும், அந்த ஆட்டுக்குத் தான் கடன்பட்டிருப்பதாக ஒரு பயம் இருந்ததாகவும், பத்து வயதில் ஒருமுறை அந்த ஆடு கட்டிலருகில் நிற்பதாகக் கனவு கண்டு எழுந்து எங்களிடம் சொல்லாமல் படுத்துக்கொண்டதாகவும் சொன்னாள். பிறகு, "அப்பா, அந்த ஆட்டை என்ரை கணக்கிலை எழுதாதேங்கோ, எனக்கு அப்ப நாலு வயசு" என்றாள்.

அம்மன் கேட்டாள் என்றேன், ஆடு சம்மதித்தது என்றேன், உதவியாளர் வெட்டினார் என்றேன். இவை மூன்றையும் இங்கே எழுதி விலக்கிவிட்டேன் என்று எண்ணியிருந்த வேளையில், நாலாவதாக என் பிள்ளையின் தோளில் ஏற்றிவைத்திருந்ததை அவள் சொல்லித்தான் அறிந்தேன். அவளுக்காகக் கொடுத்தோம் என்று இனி எங்கள் வீட்டில் சொல்வதில்லை. நான் பயந்தேன், நான் நேர்ந்தேன், நான் தண்ணீர் ஊற்றினேன். அவள் பிழைத்ததற்கு இரவு பகலாக நின்ற தாதியரும் மருந்தும் காரணம் என்பதையும், அன்று கடவுளை அழைத்ததற்கு நான் வெட்கப்படவில்லை என்பதையும் அவளிடம் சொன்னேன்.

2024 ஆகஸ்ட் 4, ஆடி அமாவாசை

அதிகாலையில் கடலில் நீராடி அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்துவிட்டுக் கோணேசர் கோவிலுக்கு ஏறினேன். வரும் வழியில் இராவணன் வெட்டருகே சற்று நேரம் நின்றேன். தாயின் வழிபாட்டுக்காக இந்த மலையையே பெயர்க்க முயன்ற இராவணனிடம், தாய் இறந்துவிட்டாள் என்று பொய் சொல்லப்பட்டதும், அவன் அதை நம்பி அவளுக்குக் கிரியை செய்யக் கன்னியாவில் ஏழு ஊற்றுகள் தோன்றியதும் நம்மூர்க் கதை. தாய்க்காகச் செய்வதென்றால் பிள்ளைகள் யார் சொன்னாலும் நம்பிவிடுவார்கள் போலும்.

வீட்டுக்கு வந்தபோது உப்புவெளித் தங்கையின் பதில் வந்திருந்தது. கடந்த செவ்வாய்க்கிழமை கோவிலுக்குப் போயிருக்கிறார், கிடாய் வாங்கவில்லை, அதற்கு ஒதுக்கிய பணத்தில் பொங்கலிட்டு, வந்தவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறார். அம்மா நேர்ந்ததை நான் நிறைவேற்றவில்லை, அது என் முடிவு, குறையிருந்தால் என்னோடு வையுங்கள் என்று பூசாரியாருக்கும் அண்ணனுக்கும் முன்னால் சன்னிதியில் சொல்லியிருக்கிறார். பூசாரியார் எதுவும் சொல்லாமல் விபூதி கொடுத்தாராம். அண்ணன் சோறு சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். இன்னும் பேசவில்லை. இரவில் அவருடைய மோட்டார் சைக்கிள் வரப் பிந்தினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றும் எழுதியிருக்கிறார்.

2024 ஆகஸ்ட் 6

அந்தப் பயத்துக்கு என்னிடம் மருந்தில்லை, தங்கை. அண்ணனுக்கு ஏதும் நேர்ந்தால் உங்களால்தான் என்று சொல்ல ஆட்கள் இருப்பார்கள். கிடாய் கொடுத்த வீடுகளிலும் காய்ச்சலும் விபத்தும் வந்திருப்பதை அவர்களும் அறிவார்கள். அண்ணனிடம் நீங்களே போங்கள். அவருடைய உயிருக்காக அம்மா நேர்ந்த நேர்த்தி என்பதால் கோபத்துக்குள் அவருக்கும் பயம் இருக்கும், என் மகளுக்கு இருந்தது போல.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் திருத்த வேண்டும். "ஐயா சொன்னபடி செய்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பொங்கல் வைக்கும்படி நான் எங்கும் சொல்லவில்லை. மேலே எல்லாவற்றையும் மறுபடி வாசித்துப் பார்த்துவிட்டேன். அண்ணன் கேட்டால் என்னைக் காட்ட வேண்டாம்.